டைக்ளோஃபெனாக்: பூச்சு மாத்திரை வயிற்றைக் காக்குமா?

கேள்வி, பிப்ரவரி 4, 2024

எனக்கு இரண்டு முழங்கால்களிலும் மூட்டுத் தேய்மானம். டைக்ளோஃபெனாக் 50 மில்லிகிராம் மாத்திரையைக் காலையும் இரவும் மாதக்கணக்கில் போட்டு வருகிறேன். மாத்திரையின் மேல் பூச்சு இருப்பதால் அது இரைப்பையில் கரையாது, சிறுகுடலுக்குப் போய்த்தான் கரையும், ஆகவே வயிற்றுப்புண் வராது என்று சொல்கிறார்கள். எனக்கும் வயிற்றில் எரிச்சல் ஏதும் இல்லை. ரத்த அழுத்தத்துக்கு ஒரு மாத்திரை உண்டு, மற்றபடி நோய் கிடையாது. பூச்சு மாத்திரை வயிற்றுக்குப் பாதுகாப்பு, ஜெல்லும் ஊசியும் வயிற்றுக்கே போகாததால் முழுப் பாதுகாப்பு. நான் புரிந்துகொண்டது சரிதானே?

பிப்ரவரி 4, இரவு

பெரும்பகுதி சரியில்லை. நான் மருத்துவன் அல்லன்; ஆன்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ் என்ற முதுகெலும்பு அழற்சி நோயோடு வாழ்பவன், அதனால் இந்த மருந்தோடு பல ஆண்டுப் பழக்கம் உள்ளவன். அந்த அளவில் எழுதுகிறேன்.

பூச்சு செய்யும் வேலை சிறியது. மாத்திரை இரைப்பைச் சுவரில் படிந்து கரைந்து நேரடியாக அரிப்பதை அது தடுக்கிறது. புண் உண்டாவதற்கு முதன்மைக் காரணம் அந்த நேரடி அரிப்பு என்றால் உங்கள் கணக்குச் சரியாக இருந்திருக்கும். ஆனால் ஆஸ்பிரின் போன்ற அழற்சி எதிர்ப்பு வலி மருந்துகள் (டைக்ளோஃபெனாக்கும் இதே வகை) உடலில் புரோஸ்டகிளாண்டின் என்ற பொருளின் உற்பத்தியைத் தடுப்பதன் மூலமே வேலை செய்கின்றன என்று பிரிட்டிஷ் மருந்தியலாளர் ஜான் வேன் 1971-இல் காட்டினார். அந்தத் துறை ஆய்வுகளுக்காக 1982-இல் வேறு இருவரோடு அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. முழங்காலில் வலியையும் வீக்கத்தையும் தூண்டுவது புரோஸ்டகிளாண்டின். இரைப்பையில் சளிப்படலத்தையும் ரத்த ஓட்டத்தையும் பேணி, அமிலம் சுவரைத் தின்னாமல் காப்பதும் அதே குடும்பத்துப் பொருள்தான். மாத்திரை எங்கே கரைந்தாலும் மருந்து ரத்தத்தில் கலந்துவிடுகிறது. ரத்தம் வழியாக இரைப்பைக்கும் வந்து அந்தக் காவலைக் குறைத்துவிடுகிறது.

எரிச்சல் இல்லை என்பதை நற்சான்றாக எடுத்துக்கொள்ள வேண்டாம். இம்மருந்துகளால் வரும் புண் பலருக்கு, குறிப்பாக வயதானவர்களுக்கு, எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் ரத்தக்கசிவாகவே முதலில் வெளிப்படுகிறது. மருந்தே வலியை அடக்கும் மருந்து என்பதையும் மறக்கக் கூடாது.

பிப்ரவரி 5

"அப்படியானால் எல்லா வலி மாத்திரையும் ஒன்றுதானா?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். இல்லை.

புரோஸ்டகிளாண்டினைத் தயாரிக்கும் நொதியில் காக்ஸ்-1, காக்ஸ்-2 என இரு வகைகள் உண்டு. இரைப்பைக் காவலிலும் ரத்தத் தட்டணுக்களிலும் முதலாவதன் பங்கு அதிகம். அழற்சியில் இரண்டாவதன் பங்கு அதிகம். இரண்டாவதை மட்டும் அடக்கினால் வயிறு தப்பிக்கும் என்ற எண்ணத்தில்தான் செலிகாக்சிப், ரோஃபிகாக்சிப் போன்றவை 1990-களின் இறுதியில் வந்தன. வயிறு ஓரளவு தப்பித்தது, இதயம் மாட்டிக்கொண்டது. ரத்தக்குழாய்களை விரித்துத் தட்டணுக்கள் ஒட்டாமல் பார்த்துக்கொள்ளும் புரோஸ்டாசைக்ளின் குறைந்து, ரத்தத்தை உறையத் தூண்டும் பக்கம் தடையின்றி நிற்க, மாரடைப்பும் பக்கவாதமும் கூடின. ரோஃபிகாக்சிப் 2004 செப்டம்பர் 30 அன்று உலகச் சந்தையிலிருந்தே திரும்பப் பெறப்பட்டது.

டைக்ளோஃபெனாக் இவற்றுக்கெல்லாம் மூத்தது, 1970-களில் வந்தது. ஆனால் அதன் சாய்வும் காக்ஸ்-2 பக்கம்தான். ஏறத்தாழ செலிகாக்சிப் அளவுக்கே சாய்கிறது. 2013-இல் நூற்றுக்கணக்கான சோதனைகளைத் திரட்டி வெளியான பெரிய தொகுப்பாய்வின்படி, டைக்ளோஃபெனாக்கோ காக்சிப் வகையோ ஓராண்டு எடுத்துக்கொள்ளும் ஆயிரம் பேரில், எடுக்காதவர்களைவிடக் கூடுதலாக மூவருக்குப் பெரிய இதய, ரத்தக்குழாய் பாதிப்பு நேர்ந்தது, அவற்றில் ஒன்று உயிரிழப்பு. இதே வகையைச் சேர்ந்த நேப்ராக்சன் என்ற மருந்தில் அந்தக் கூடுதல் தெரியவில்லை. ஆனால் வயிற்றுக் கணக்கு தலைகீழ்: இரைப்பை ரத்தக்கசிவு போன்ற சிக்கல்கள் டைக்ளோஃபெனாக்கில் இரு மடங்குக்குச் சற்றுக் குறைவு, நேப்ராக்சனிலும் இப்யூபுரோஃபெனிலும் நான்கு மடங்கு அளவு. இதயச் செயலிழப்பால் மருத்துவமனையில் சேர நேர்வது எல்லாவற்றிலும் ஏறத்தாழ இரு மடங்கு.

எனவே "எது பாதுகாப்பானது" என்று மட்டும் கேட்டால் விடை வராது. கேட்பவரின் வயிறு பலவீனமா, இதயம் பலவீனமா என்பதை முதலில் சொல்ல வேண்டும். அதே 2013-இல் ஐரோப்பிய மருந்து முகமை, இதய ரத்தக்குழாய் நோய், பக்கவாதம், கால் ரத்தக்குழாய் அடைப்பு, குறிப்பிட்ட நிலைக்கு மேற்பட்ட இதயச் செயலிழப்பு உள்ளவர்களுக்கு டைக்ளோஃபெனாக் தரவே கூடாது என்று வரையறுத்தது.

பிப்ரவரி 5, பிற்பகல்

மேலே உள்ள எண்களோடு ஒரு குறிப்பும் போயிருக்க வேண்டும். அவை நாளொன்றுக்கு 150 மில்லிகிராம் டைக்ளோஃபெனாக், 2400 மில்லிகிராம் இப்யூபுரோஃபென், 1000 மில்லிகிராம் நேப்ராக்சன் என்ற உயர் அளவுகளுக்கானவை. எப்போதாவது தலைவலிக்கு 400 மில்லிகிராம் இப்யூபுரோஃபென் போடுபவர் நான்கு மடங்கு என்று படித்துவிட்டுப் பதற வேண்டியதில்லை. கேள்வி கேட்டவரின் 100 மில்லிகிராமும் அந்த உச்ச அளவுக்குக் கீழேதான் இருக்கிறது, ஆனால் வெகு கீழே இல்லை. மடங்கு என்பதும் தனியே நின்று எதையும் சொல்வதில்லை. நாற்பது வயதில் வேறு நோயில்லாதவருக்கு இரு மடங்கும், ஏற்கெனவே ஒருமுறை மாரடைப்பு வந்தவருக்கு இரு மடங்கும் ஒரே எண்ணிக்கை ஆகிவிடாது.

பிப்ரவரி 7

இந்தக் கேள்வி-பதில் இழையில் ஒருவர் இந்த மாத்திரையே விஷம், தொடக் கூடாது என்று எழுதியிருக்கிறார். அதையும் ஏற்க இயலவில்லை.

என் நோயில் வலி உழைப்பால் வருவதில்லை, ஓய்வால் வருகிறது. இரவின் பின்பாதியில் இடுப்பின் அடியில் ஒரு வலி எழுப்பிவிடும். புரண்டு படுக்கக் கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உடலை இழுக்க வேண்டியிருக்கும். காலையில் எழுந்தால் காலுறை போடக் குனிய முடியாது; நடந்து நடந்து உடல் இளகிய பிறகுதான் மனிதனாவேன். இந்நோய்க்கு அழற்சி எதிர்ப்பு வலி மருந்துகளே முதல் வரிசைச் சிகிச்சை. முறையான அளவில் தொடங்கிய சில நாட்களுக்குள் அந்தக் காலை இறுக்கம் கரைந்தது. பாராசிட்டமால் அதே வலியைத் தொடவே இல்லை, காரணம் அது அழற்சியைக் குறைக்கும் மருந்து அன்று.

சிறுநீரகக் கல் வலிக்கு இவ்வகை மருந்துதான் முதல் தேர்வு. கல் அடைக்கும்போது அழுத்தத்தைக் கூட்டுவதிலேயே புரோஸ்டகிளாண்டினுக்குப் பங்குண்டு. மாதவிடாய் வலியின் மூலமே கருப்பையில் சுரக்கும் புரோஸ்டகிளாண்டின் என்பதால் அங்கும் நன்றாகக் கேட்கிறது. திடீரென்று பெருவிரல் வீங்கித் துடிக்கும் கௌட் வலியிலும் அப்படியே. இவை எல்லாம் அழற்சியோ புரோஸ்டகிளாண்டினோ வலியின் வேராக இருக்கும் இடங்கள். நரம்பு எரிச்சல் வலிக்கு இதைப் போட்டுக் காத்திருப்பது வீண்.

பிப்ரவரி 8

கேள்வியில் "ரத்த அழுத்தத்துக்கு ஒரு மாத்திரை உண்டு, மற்றபடி நோய் கிடையாது" என்று போகிற போக்கில் ஒரு வரி இருக்கிறது. இந்த இழையிலேயே எனக்கு மிகவும் கவலை தரும் வரி அதுதான். என்ன மாத்திரை என்று எழுதுங்கள்.

பிப்ரவரி 8, இரவு

விடை வந்துவிட்டது: டெல்மிசார்டனும் ஹைட்ரோகுளோரோதயசைடும் சேர்ந்த மாத்திரை.

சிறுநீரகத்தின் வடிகட்டியை, உள்ளே வரும் குழாயிலும் வெளியேறும் குழாயிலும் ஆளுக்கொரு திருகு வைத்த தொட்டியாக நினைத்துக்கொள்ளுங்கள். தொட்டிக்குள் அழுத்தம் இருந்தால்தான் வடிகட்டல் நடக்கும். உடலில் நீர் குறையும்போது புரோஸ்டகிளாண்டின் உள்குழாயை விரித்து வைக்கிறது, ஆஞ்சியோடென்சின் வெளிக்குழாயை இறுக்கி வைக்கிறது. இரண்டும் சேர்ந்து அழுத்தத்தைக் காப்பாற்றுகின்றன. டெல்மிசார்டன் வெளிக்குழாயைத் தளர்த்திவிடுகிறது. ஹைட்ரோகுளோரோதயசைடு சிறுநீரை வெளியேற்றி உள்ளே வரும் நீர் வரத்தைக் குறைக்கிறது. மூன்றாவதாக டைக்ளோஃபெனாக் வந்து உள்குழாயைச் சுருக்கினால் வடிகட்டல் சட்டென்று விழக்கூடும். இந்த மூன்றின் கூட்டணியை மருத்துவர்கள் தனியாகவே பெயரிட்டு எச்சரிக்கிறார்கள். உங்கள் ஒரே மாத்திரையில் கூட்டணியின் இரண்டு பேர் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறார்கள்.

சாதாரண நாட்களில் ஒன்றும் தெரியாமல் போகலாம். வாந்தி, வயிற்றுப்போக்கு, காய்ச்சல் என்று இரண்டு நாள் நீரிழப்பு வந்தால்தான் மாட்டிக்கொள்வோம். அந்த நாட்களில்தான் உடல்வலி என்று கூடுதலாக ஒரு மாத்திரையும் போடுவோம். மேலும் இவ்வகை மருந்துகள் உப்பையும் நீரையும் உடலில் தேக்கி, ரத்த அழுத்த மாத்திரையின் பலனையே மழுங்கடிக்கும். வலி மாத்திரையால் அழுத்தம் ஏறி, அதற்காக அழுத்த மாத்திரையின் அளவைக் கூட்டி, கால் வீங்குகிறது என்று இன்னொன்றும் சேர்வது அரிதான கதை அன்று. ரத்தத்தில் கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்பதைக் காட்டும் அளவு), பொட்டாசியம் இரண்டையும் பார்த்துவிட்டு உங்கள் மருத்துவரிடம் இந்த வாரமே பேசுங்கள். அழுத்த மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம்.

பிப்ரவரி 12

வயிற்றுப்புண் பற்றி 4-ஆம் தேதி எழுதியதற்கு ஒரு பிற்சேர்க்கை.

நான் தொடர்ந்து மருந்து எடுத்த ஒரு காலத்தில் பான்டோபிரசோல் என்ற அமிலக் குறைப்பு மாத்திரையும் கூடவே எடுத்தேன். வயிற்றில் ஒரு தொல்லையும் இல்லை. வழக்கமான ரத்தப் பரிசோதனைத் தாளில் மட்டும் ஹீமோகுளோபின் முந்தைய தாளைவிடக் கீழே இருந்தது. அதற்கடுத்த தாளில் இன்னும் கீழே. மாடி ஏறும்போது மூச்சு வாங்கியதை நான் நோயின் கணக்கில் எழுதியிருந்தேன். இரைப்பை உள்நோக்கிப் பரிசோதனையில் இரைப்பை சுத்தமாக இருந்தது. மருந்தை மாற்றி, இரும்புச்சத்து எடுத்த பிறகு எண்கள் ஏறின.

அமிலக் குறைப்பு மாத்திரை இரைப்பையையும் முன்சிறுகுடலையும் காக்கிறது. அதற்குக் கீழே உள்ள சிறுகுடலில் காரணம் அமிலம் அன்று, ஆகவே அங்கே அதற்கு வேலையும் இல்லை. அங்கே நுண்ணிய அரிப்புகளிலிருந்து கண்ணுக்குத் தெரியாமல் ரத்தம் கசிந்து, நாளடைவில் ரத்தசோகையாகத் தெரியக்கூடும். என் விஷயத்தில் சிறுகுடல்தான் காரணம் என்று யாரும் நிரூபிக்கவில்லை; மருத்துவரின் ஊகம் அது, எனக்கும் வேறு விளக்கம் இல்லை. மலம் தார் போலக் கறுத்தால் மறுநாள் வரை காத்திருக்கக் கூடாது. ஆனால் கறுக்காமலும் கசியலாம் என்பதே நான் சேர்க்க விரும்புவது. (இரும்புச்சத்து மாத்திரையாலும் மலம் கறுக்கும். எனக்கு ஒரு வாரம் தேவையில்லாத பீதி.)

ஏற்கெனவே புண் வந்தவர்கள், முதியவர்கள், ஸ்டீராய்டோ, ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரினோ எடுப்பவர்கள், மனச்சோர்வுக்கான எஸ்எஸ்ஆர்ஐ வகை மருந்து எடுப்பவர்கள், வயிற்றில் ஹெலிகோபாக்டர் பைலோரி கிருமி உள்ளவர்கள் ஆகியோருக்கு ரத்தக்கசிவு ஆபத்து மற்றவர்களைவிடக் கூடுதல்.

பிப்ரவரி 13

சாப்பிட்டபின் போட்டால் போதாதா? குமட்டலும் வயிற்று உளைச்சலும் குறையும். புண் வராது என்ற உறுதி கிடைக்காது.

பிப்ரவரி 18

ஜெல்லைப் பற்றி நல்ல செய்தியே அதிகம். ஒரு விழுக்காடு டைக்ளோஃபெனாக் ஜெல்லை ஒரு முழங்காலில் நாளுக்கு நான்கு முறை, ஒவ்வொரு முறையும் 4 கிராம் பூசினால், ரத்தத்தில் சேரும் மருந்து மாத்திரையால் சேர்வதில் ஏறத்தாழ 6 விழுக்காடுதான். கை, முழங்கால் போன்ற தோலுக்கு அருகிலுள்ள மூட்டுகளின் தேய்மானத்தில் அது பலனும் தருகிறது. கேள்வி கேட்டவரின் முழங்காலுக்கு நான் முதலில் பரிந்துரைக்கத் துணிவது இதைத்தான்.

ஆழத்தில் உள்ள மூட்டுக்கு இது போய்ச் சேரும் என்று நம்ப வேண்டாம். முதுகெலும்பு, இடுப்பு, தோள் ஆகியவற்றில் இந்த ஜெல் சோதிக்கப்படவில்லை என்று மருந்துத் தாளிலேயே எழுதியிருக்கிறது. என் இடுப்படியில் பூசிப் பார்த்ததில் சட்டைதான் பலனடைந்தது.

4 கிராம் என்பது பெரும்பாலோர் பூசுவதைவிட அதிகம். பெட்டிக்குள் கோடு போட்ட ஒளிபுகும் அட்டை ஒன்று இருந்தால் அதைத் தூக்கி எறியாதீர்கள். அந்தக் கோட்டின் நீளத்துக்குப் பிதுக்கி, அட்டையாலேயே முழங்காலைச் சுற்றித் தடவ வேண்டும். பட்டாணி அளவு எடுத்துத் தேய்த்துவிட்டு "ஜெல் கேட்கவில்லை" என்று மாத்திரைக்குத் திரும்பியவர்களை நான் அறிவேன். பூசிய இடத்தைக் கட்டுப்போட்டு இறுக்குவதோ வெந்நீர்ப் பையால் ஒத்தடம் கொடுப்பதோ கூடாது, தோல் வழியே உள்ளே போகும் அளவு மாறும். வெயிலும் படக் கூடாது. கைக்குப் பூசவில்லை என்றால் கையைக் கழுவிவிட வேண்டும்.

பிப்ரவரி 19

6 விழுக்காட்டைப் படித்த ஒருவர், அப்படியானால் உடம்பெல்லாம் பூசலாமே என்கிறார். நேற்று எழுதிய எண் ஒரு முழங்காலுக்கானது. இரண்டு முழங்கால்களுக்கும் இரண்டு கைகளுக்கும் சேர்த்து நாளுக்கு 48 கிராம் பூசியபோது ரத்தத்தில் சேர்ந்தது மாத்திரையளவில் ஐந்தில் ஒரு பங்கு. அதனால்தான் எல்லா மூட்டுக்கும் சேர்த்து நாளுக்கு 32 கிராம் என்று உச்சவரம்பு வைத்திருக்கிறார்கள். ஜெல்லைப் பூசிக்கொண்டே மாத்திரையையும் விழுங்கினால் ஜெல்லின் நன்மையே அடிபட்டுப் போகிறது.

மார்ச் 2

ஊசி இன்னும் பாக்கி.

ஊசி வயிற்றுக்குப் போவதில்லை, ரத்தத்துக்குப் போகிறது. பிப்ரவரி 4-ஆம் தேதி எழுதியதைப் படித்தவர்களுக்கு மீதியைச் சொல்ல வேண்டியதில்லை. ஆசனவாய் வழி வைக்கும் மருந்துக்கும் அதே கதைதான். வாந்தியோடு வரும் கல் வலிக்கு ஊசி நியாயமானது, மாத்திரை வயிற்றில் தங்காது. நடந்து வந்து நாற்காலியில் உட்கார்ந்து பேசும் அளவுக்கு உள்ள முதுகுவலிக்கு "ஒரு ஊசி போட்டுவிடுங்கள், சீக்கிரம் கேட்கும்" என்று நாமாகக் கேட்பதற்கு என்ன நியாயம் என்று யோசிக்க வேண்டும்.

ஊசிக்கென்றே தனி ஆபத்தும் உண்டு. தசையில் போட்ட இடத்தில் சிறு ரத்தக்குழாய்கள் அடைபட்டு, போட்ட சில நிமிடங்களிலேயே தாங்க முடியாத வலியும், தோலில் வலை பின்னியது போன்ற நீலச் சிவப்பு நிறமும் தோன்றி, பின்னர் அங்குள்ள தோலும் சதையும் அழுகிவிடக்கூடும். நிக்கோலாவ் நோய்க்குறி என்று இதற்குப் பெயர். அரிதானது, ஆனால் டைக்ளோஃபெனாக் ஊசிக்குப் பிறகு பலமுறை பதிவாகியுள்ளது.

மார்ச் 3

பாறுக் கழுகுகளைப் பற்றி ஒருவர் கேட்டிருப்பதால் சிறு விலகல். விலகல் என்று சொல்லிவிட்டாலும் விஷயம் சிறுநீரகத்துக்கே திரும்புகிறது.

இந்தியா, பாகிஸ்தான், நேபாளம் ஆகிய நாடுகளில் கால்நடைகளுக்கும் டைக்ளோஃபெனாக் கொடுத்தார்கள். மருந்து உடலில் இருக்கும்போதே இறந்த மாட்டைத் தின்ற பாறுகள் சிறுநீரகம் செயலிழந்து, உள்ளுறுப்புகள் மீது யூரிக் அமிலம் வெள்ளையாகப் படிந்து செத்தன. காரணம் டைக்ளோஃபெனாக்தான் என்பது 2004-இல் பாகிஸ்தானில் நடந்த ஆய்வில் உறுதியாயிற்று. அதற்குள் இந்தியாவின் வெண்முதுகுப் பாறுகள் 99 விழுக்காட்டுக்கும் மேல் அழிந்திருந்தன. 2006-இல் இந்த மூன்று நாடுகளும் கால்நடைப் பயன்பாட்டுக்குத் தடை விதித்தன. மாற்றாக வந்த மெலாக்சிகாமும் இதே வகை மருந்துதான், ஆனால் பாறுகளை அது கொல்வதில்லை. ஒரே வகைக்குள் மருந்துக்கு மருந்து இவ்வளவு வேறுபாடு இருக்க முடியும். இதை வைத்து மனிதருக்கும் மெலாக்சிகாம் தீங்கற்றது என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். நாம் பாறுகள் அல்லர்.

மார்ச் 10

தனித்தனியாகக் கேட்கப்பட்டவற்றுக்குச் சேர்த்து எழுதிவிடுகிறேன்.

இதயத்துக்காக ஆஸ்பிரின் எடுப்பவர் இப்யூபுரோஃபெனை முதலில் போட்டால், தட்டணுவில் ஆஸ்பிரின் உட்கார வேண்டிய இடத்தை அது அடைத்துக்கொள்கிறது, ஆஸ்பிரின் வீணாகிறது. ஆகவே பூச்சில்லாத ஆஸ்பிரினைப் போட்டு அரை மணி நேரமாவது கழிந்த பிறகு இப்யூபுரோஃபெனைப் போட வேண்டும் என்பது அமெரிக்க மருந்து நிர்வாகத்தின் அறிவுரை. டைக்ளோஃபெனாக்கில் இந்த மறிப்பு காணப்படவில்லை. ஆனால் ஆஸ்பிரின் எடுப்பவர்களில் பெரும்பாலோர் இதய நோயாளிகள், அவர்களுக்கு டைக்ளோஃபெனாக்கே ஆகாது என்பதால் இந்தச் சலுகையால் பயனில்லை.

காய்ச்சலோடு உடல்வலி இருந்து, டெங்குவாக இருக்கலாம் என்ற ஐயமும் இருந்தால் இவ்வகை மாத்திரை எதையும் தொடக் கூடாது. தட்டணுக்கள் குறையும் நோயில் தட்டணுக்களின் வேலையையும் கெடுப்பது ரத்தக்கசிவை அழைப்பதாகும். அங்கே பாராசிட்டமால்தான், அதுவும் அளவோடு.

கருவுற்று 20 வாரங்களுக்கு மேல் ஆனவர்கள் மருத்துவர் சொல்லாமல் எடுக்கக் கூடாது; குழந்தையின் சிறுநீரகம் பாதிக்கப்பட்டுப் பனிக்குட நீர் குறையக்கூடும். 30 வாரங்களுக்குப் பிறகு குழந்தையின் இதயத்தருகே திறந்திருக்க வேண்டிய ரத்தக்குழாய் முன்கூட்டியே மூடிக்கொள்ளும் ஆபத்தும் சேர்கிறது.

ஆஸ்பிரினால் மூச்சிரைப்பு வந்த ஆஸ்துமாக்காரர்களுக்கு இதுவும் ஆகாது. லித்தியம், மெத்தோட்ரெக்சேட் எடுப்பவர்களுக்கு அந்த மருந்துகளின் அளவு ரத்தத்தில் ஏறிவிடலாம். நீண்ட நாள் எடுப்பவர்கள் தொடங்கிய 4 முதல் 8 வாரங்களுக்குள் கல்லீரல் நொதிகளைப் பார்ப்பது நல்லது. இந்த வகையில் கல்லீரலைச் சீண்டுவதில் டைக்ளோஃபெனாக் சற்று முன்வரிசையில் இருக்கிறது.

கூட்டு மாத்திரைகளின் உறையைத் திருப்பிச் சிறிய எழுத்தைப் படிக்காமல் போடாதீர்கள். முதுகுவலிக்கு ஒன்று, பல்வலிக்கு ஒன்று என்று வெவ்வேறு பெயரில் வாங்கிய இரண்டிலும் ஒரே வகை மருந்து இருப்பது சாதாரணம். இவ்வகையில் இரண்டைச் சேர்த்துப் போட்டால் வலி இருமடங்கு குறைவதில்லை, புண் மட்டும் கூடுகிறது.

ஏப்ரல் 1

கேள்வி கேட்டவர் திரும்பி வந்து எழுதியிருக்கிறார். கிரியாட்டினின் இயல்பு எல்லையைச் சற்றுத் தாண்டியிருந்ததாம். மாத்திரையை நிறுத்திய பின் எடுத்த பரிசோதனையில் இறங்கியிருக்கிறது, ரத்த அழுத்தமும் கொஞ்சம் குறைந்திருக்கிறது. இப்போது இரண்டு முழங்கால்களுக்கும் ஜெல், தொடைத் தசையை வலுவாக்கும் பயிற்சி. வலி முன்பைவிடக் கொஞ்சம் கூடுதல்தான், ஆனால் படி இறங்க முடிகிறது என்கிறார். வலி மிகுந்த நாளில் ஒரு மாத்திரை போட்டுக்கொள்ளலாமா என்பது அவருடைய புதிய கேள்வி.

அந்தக் கேள்விக்கு நான் விடை சொல்லப் போவதில்லை. உங்கள் அழுத்த மாத்திரையில் இன்னும் அதே இரண்டு மருந்துகள் இருக்கின்றனவா, மாற்றிவிட்டார்களா என்று தெரிந்த மருத்துவரிடம் கேளுங்கள். கேட்கும்போது ஜெல்லை நாளுக்கு எத்தனை கிராம் பூசுகிறீர்கள் என்பதையும் சொல்லுங்கள். எனக்கு அடுத்த வாரம் ஹீமோகுளோபின் பரிசோதனை இருக்கிறது, முடிவு ஏதாவது சுவையாக இருந்தால் மட்டும் இங்கே எழுதுகிறேன்.